உதவிப் பிரிவுப் பெண்

எனக்குக் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது சுத்தமாகப் பிடிக்காது. வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறவர் எப்போதும் சில்லறை தேடுவார். ஒரு பையில் இல்லை என்று இன்னொரு பையில் கையை விடுவார். அதற்குள் மறந்துபோன சோப்பு ஒன்று நினைவுக்கு வந்து, வரிசையை அப்படியே நிறுத்திவிட்டு அதை எடுக்கப் போவார். பல் துலக்கும் பிரஷிலிருந்து வாசல் கதவின் பூட்டு வரை நான் எல்லாவற்றையும் இணையத்தில்தான் வாங்குகிறேன். அந்தச் சலிப்பில்தான் என் தொழில் பிறந்தது என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை, கொஞ்சம் மெருகு போட்ட உண்மை.

நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

சிறிய கடைகள் தங்கள் இணையப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஒரு பொத்தான்தான் நான் செய்த சரக்கு. வாங்குகிறவர் அதைத் தட்டினால் அவருடைய வங்கியிலிருந்து பணம் எடுக்கப்படும். அவருக்கு 'நன்றி, பணம் கிடைத்தது' என்று ஒரு செய்தி போகும். கடைக்கு 'இன்னாருக்கு இன்ன பொருளை அனுப்பு' என்று இன்னொரு செய்தி போகும். நூற்று நாற்பது கடைகள் அதை வைத்திருந்தன. செருப்புக் கடை, பொம்மைக் கடை, மருத்துவக் கருவிகள் விற்கும் கடை என்று எல்லாமே இரண்டு மூன்று பேர் நடத்தும் கடைகள்.

நிறுவனம் என்று பெயர், ஆள் நான் ஒருவன்தான். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி அலுவலகம். மறு பாதியில் என் மனைவி விடைத்தாள் திருத்துவாள். அவள் பள்ளி ஆசிரியை. நான்கு வருடம் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவளுடைய தம்பி என்னை 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவான், கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொள்வான். எனக்கு அது உறைத்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஒற்றை ஆள் நடத்தும் இடத்தை நம்பிப் பணத்தைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. அதனால் தனியாகத் தொழில் செய்கிற எங்களில் பலர் ஒரு வேலை செய்வோம். ஆட்களை உண்டாக்கிக்கொள்வோம். என்னிடம் மூன்று பேர் இருந்தார்கள். உதவிப் பிரிவில் ஓர் இளம்பெண், கணக்குப் பிரிவில் சிடுசிடுப்பான ஒருவர், அவர்களுக்கு மேல் மேலாளர். மூன்றும் நான்தான். அந்தப் பெண் எழுத்தில் மட்டுமே பேசுவாள். 'அச்சச்சோ', 'இதோ பாத்துச் சொல்றேன்கா' என்று அவளுக்கென்று ஒரு பாணி. மேலாளர் தொலைபேசியில் பேசுவார். 'கொஞ்சம் இருங்க, மேலாளரிடம் கொடுக்கிறேன்' என்று அவள் எழுதியதும் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக் குரலை இறக்கிக்கொள்வேன். அப்போதெல்லாம் மனைவி விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "மேனேஜர் சார், பால் தீர்ந்துபோச்சு, கணக்குப் பிரிவுல கேட்டு வாங்கிட்டு வாங்க" என்பாள். இருவரும் சிரிப்போம். அந்த மேசையில் சிரிப்புக்குக் குறைவில்லை.

மூவரில் அந்தப் பெண்ணைத்தான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்தான். நான் எரிச்சல்படுகிற இடத்தில் அவள் எரிச்சல்பட மாட்டாள்.

பெரிய நிறுவனம் ஒன்று என்னை விலைக்கு வாங்க முன்வந்தபோது அவர்கள் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தைத்தான். என் பொத்தான் நானூறு நாட்களாக ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடியிருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்து. அதற்கு முந்தைய நான்கு நாட்கள் அவர்களுடைய ஆட்கள் வெளியிலிருந்து என் பொத்தானைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த நாட்களில் நான் எதிலும் கைவைக்கக் கூடாது. வைத்தால் அது அவர்கள் பதிவில் விழும். விழுந்தால் பேச்சை முதலிலிருந்து தொடங்குவோம் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மதியம் நான் ஒரு தவறு செய்தேன். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் கட்டிலுக்கு அடியில்கூடப் பெருக்குவோமே, அதுபோலப் பொத்தானை இயக்கும் கணினி நிரலைத் துப்புரவாக்கினேன். நான்கு வருடக் குப்பை. அவர்களுடைய பொறியாளர்கள் பார்த்துச் சிரிக்கக் கூடாது. எதற்கென்று எனக்கே மறந்துபோன ஒரு வரியை நீக்கினேன். எல்லாம் ஓடியது. ஞாயிறு காலை அவர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள். திங்கள் காலையில்தான் அந்த வரி எதற்கென்று தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட வங்கியின் வாடிக்கையாளர்கள் பணம் செலுத்தினால், பணம் எடுக்கப்படும், வாங்குகிறவருக்கு நன்றி போகும், ஆனால் கடைக்குச் செய்தி போகாது. அது சின்ன வங்கி. நான்கு நாட்களில் சிக்கியவை மொத்தம் பதினோரு ஆர்டர்கள். செருப்பு, பொம்மை, திரைச்சீலை, ஒரு ஜோடி காதணி. வியாழன் வரை பொறுத்தால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது என்று நினைத்தேன். பத்து ஆர்டர்களைப் பொறுத்தவரை நான் நினைத்தது சரிதான்.

பதினோராவது ஒரு பேட்டரி. வீட்டில் வைத்து மூச்சுக்கு உதவும் கருவி இருக்கிறதல்லவா, காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுப்பது, அதற்கான பேட்டரி. ஆர்டர் போட்ட பெண்மணி திங்கட்கிழமை பத்தரைக்கு, நன்றிச் செய்தியின் கீழே இருந்த எங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினார். கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. கருவி மின்சாரத்தில் ஓடுகிறது. பராமரிப்புக்காக வியாழன் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அவர்கள் தெருவில் மின்சாரம் இருக்காது என்று கீழே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கையில் இருக்கும் சிறிய சிலிண்டர் ஒரு மணி நேரம் தாங்கும். பேட்டரி புதன்கிழமைக்குள் வந்துவிடுமா என்பதுதான் கேள்வி.

எல்லாவற்றையும் அவர் முதல் செய்தியிலேயே தெளிவாக எழுதியிருந்தார். நீங்கள் அச்செடுத்து வைத்திருப்பதில் அதுதான் முதல் தாள். எனக்குத் தெரியாது என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைக்கே போன் பண்ணிக் கேட்கட்டுமா என்றார். அதை மட்டும் செய்ய விட முடியாது. அந்தக் கடைக்காரரை நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம். அவர் காதில் விழுந்தது அரை மணி நேரத்தில் நூற்று நாற்பது கடைக்காரர்களின் குழுவுக்கும் போய்விடும். தனியாகப் பேசினால் ஆர்டர் இரண்டாகப் பதிவாகிக் குழப்பமாகிவிடும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உதவிப் பிரிவுப் பெண் எழுதினாள். அவர் உடனே ஒத்துக்கொண்டார். "சரி தங்கச்சி, உன்ன நம்பி விட்டுட்டேன்" என்று எழுதினார். நல்ல சுபாவம். எங்கள் வேலையில் அப்படிப்பட்ட வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம்.

செவ்வாய்க்கிழமை அவர் மேலாளரிடம் பேச வேண்டும் என்றார். தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினேன். பின்னால் கருவியின் இரைச்சல் கேட்டது, நடுநடுவே ஒரு இருமல். அவருடைய அண்ணன் ஊரின் மறு பக்கத்தில் இருக்கிறாராம். தரைத்தளம், அங்கே மின்சாரம் போகாது. புதன்கிழமையே வந்து கணவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாராம். ஆனால் இவர்கள் இருப்பது நான்காவது மாடி. நாற்காலியில் வைத்து லிப்டில் இறக்கி, வண்டியில் ஏற்றி, அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிடும்.

"அவர அசைக்கவே பயமா இருக்கு சார். பேட்டரி வந்துரும்னு நீங்க உறுதியாச் சொன்னா அண்ணன வர வேண்டாம்னு சொல்லிடுவேன். சந்தேகம்னா சொல்லிடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்."

இவ்வளவு நியாயமாக ஒருவர் கேட்டால் உறுதி கொடுக்காமல் இருப்பது கஷ்டம். "அவர அசைக்க வேண்டாம்மா. புதன்கிழமைக்குள்ள உங்க கையில இருக்கும். அது என் பொறுப்பு" என்றேன். அவர் இரண்டு முறை நன்றி சொன்னார். போனை வைத்த பிறகு மனைவி என்னைப் பார்த்து, இது யார் என்று கேட்டாள். ஒரு வாடிக்கையாளர், பேட்டரி விஷயம் என்றேன். உண்மைதான்.

பிறகு அவருக்குக் கவலை வரக் கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்தேன். பொதி எங்கே இருக்கிறது என்று காட்டும் பக்கம் ஒன்றை எழுதி, அதன் சுட்டியை அந்தப் பெண் மூலமாக அனுப்பினேன். பொதி கட்டியாகிவிட்டது, கிடங்கிலிருந்து கிளம்பிவிட்டது, உங்கள் ஊருக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு வரியையும் ஏற்ற நேரத்தில் நானே தட்டினேன். செவ்வாய் மதியத்திலிருந்து வியாழன் காலை வரை அவர் அந்தப் பக்கத்தை நூற்றுப் பதினேழு முறை திறந்திருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வேறு வழியே இல்லையா என்று நேற்றும் கேட்டீர்கள். இருந்தது. அவருடைய ஆர்டரை மட்டும் கையால் தள்ளிவிட்டிருக்கலாம். ஒரு தட்டு போதும், ஆனால் கைவைத்த தடம் பதிவில் விழும். பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்தால் அது தோற்ற பரிவர்த்தனை என்று கணக்காகும். புதன்கிழமை மதியம் மூன்றாவதாக ஒன்றும் யோசித்தேன். ரேடியோவின் கடைப் பக்கத்தைத் திறந்து, அதே பேட்டரியைக் கூடையில் போட்டேன். பெண்மணியின் முகவரியை நிரப்பினேன். அன்று மாலையே கொண்டுவந்து தரும் வசதியும் இருந்தது, அதையும் தேர்ந்தெடுத்தேன். என் வங்கி வேறு வங்கி, என் பணம் கடைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். என் பொத்தான்தான் திரையில் இருந்தது. அதைத் தட்டவில்லை. தன் பொத்தானில் தானே பொருள் வாங்கி எண்ணிக்கையை ஏற்றிக் காட்டுவது எங்கள் தொழிலில் பெரிய இழுக்கு. ஒப்பந்தத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா. பக்கத்தை மூடிவிட்டேன்.

நேரில் போய் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வண்டியில் நாற்பது நிமிடம். கடைக்குப் போவது எனக்குப் பிடிக்காது என்று முதலிலேயே சொன்னேன்.

புதன் மாலை ஐந்தரைக்கு அவர் மறுபடி எழுதினார். "இன்னும் வரல தங்கச்சி. அண்ணன் வண்டியோட ரெடியா நிக்கிறாரு. லிப்டு இப்ப ஓடுது, நாளைக்கு ஓடாது. வரச் சொல்லட்டுமா?" அப்போது நான் மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தேன். அண்ணன் வந்தால் ஏன் பேட்டரி வரவில்லை என்று கேட்பார். பெண்களைப் போல அண்ணன்மார் பொறுமையாகக் கேட்க மாட்டார்கள். நேராக ரேடியோவுக்கு போன் போகும். அந்தப் பெண் எழுதினாள்: "வேண்டாம்கா, வண்டி கிளம்பிடுச்சு. காலைல எட்டு மணிக்குள்ள வந்துரும். நிம்மதியா இருங்க."

எழுதிவிட்டுச் சட்டையின் காலரைத் தேய்த்து முடித்தேன்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு எதுவும் வரவில்லை. எட்டே காலுக்கு 'விநியோகிப்பவர் உங்கள் பகுதியில் இருக்கிறார்' என்று பக்கத்தில் தட்டினேன். ஒன்பது மணி மூன்று நிமிடத்துக்கு மின்சாரம் போய்விட்டது என்று எழுதினார். சிலிண்டரை மாட்டிவிட்டாராம். ஒன்பது இருபதுக்கு, சிலிண்டரின் அளவு முள் பாதிக்கு வந்துவிட்டது, கணவர் வேகமாக மூச்சு விடுகிறார் என்று எழுதினார். ஒன்பது இருபத்தைந்துக்கு மூன்று செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பத்து மணிக்குக் காணொளியில் ஆறு பேர் முன்னால் உட்கார வேண்டும், திரையில் இந்தச் செய்திகள் துள்ளிக்கொண்டே இருந்தால் எப்படிப் பேசுவது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா என்று அடுத்து எழுதினார். ஆம்புலன்ஸ் வந்தால் காரணம் எழுதுவார்கள்.

அவரைத் திரையிலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்தப் பெண் அப்படி எழுதினாள்: "அக்கா, டெலிவரி ஆள் உங்க தெருவுலதான் நிக்கிறாரு. வீடு தெரியலயாம். கீழ இறங்கி கேட்டுல நில்லுங்க, கையில வாங்கிக்கலாம்."

"அவர தனியா விட்டுட்டா?"

"ரெண்டே நிமிஷம்கா."

அவர் போனை மேலேயே வைத்துவிட்டு ஓடினார். நான்கு மாடி, லிப்ட் இல்லை. அதன்பிறகு செய்தி வரவில்லை. நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

அவர் கேட்டுக்கு வெளியே தெரு முனை வரை நடந்து திரும்பி, போகிற வண்டிகளையெல்லாம் கைகாட்டி நிறுத்திக் கேட்டதாக அடுத்த வீட்டுக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். எத்தனை நிமிடம் என்பதில் அவருக்கும் காவலாளிக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. முப்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. மேலே சிலிண்டர் முடிந்தபோது அந்தப் பெண்மணி கீழே இருந்தார். அவர் கணவர் கட்டிலிலிருந்து கதவு வரை வந்திருக்கிறார்.

பதினொன்று ஐந்துக்கு எல்லாக் கையெழுத்தும் முடிந்தது. ஆறு பேரும் திரையில் கைதட்டினார்கள். நானூற்று ஏழு நாள், ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. உடனே நீக்கிய வரியைத் திரும்ப எழுதி, பதினோரு ஆர்டர்களையும் கடைகளுக்குத் தள்ளினேன். மொத்தம் ஒன்பது நிமிட வேலை. பேட்டரி வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தது. அவருடைய அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்மணி மேலாளருக்கு எழுதினார். திட்டித்தான் எழுதியிருப்பார் என்று தயங்கித் திறந்தேன். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "அந்தப் பொண்ண வேலைய விட்டு எடுத்துடாதீங்க சார். பாவம், அது கடைசி வரைக்கும் என்கூட நின்னுச்சு. கொண்டு வர்றவங்க பண்ணுன தப்புக்கு அது என்ன பண்ணும்."

அதை இரண்டு முறை படித்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் ஒரு நிறுவனம் என்றால் யாராவது பொறுப்பேற்க வேண்டும். ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து, விசாரித்ததில் உதவிப் பிரிவில் கவனக்குறைவு நடந்தது தெரிய வந்தது, சம்பந்தப்பட்ட ஊழியரை அன்றே பணிநீக்கம் செய்துவிட்டோம் என்று மேலாளர் பெயரில் பதில் எழுதினேன். அனுப்புவதற்கு முன் வார்த்தைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வாய்விட்டு ஒரு முறை படித்தேன்.

மேசையின் மறு பாதியில் மனைவி பேனாவைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பொண்ணு?" என்றாள்.

நான் விளக்கிச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து வரிசையாக, உங்களிடம் சொன்னது போலவேதான் சொன்னேன். அவள் என் கணினியைத் தன் பக்கம் திருப்பி, எல்லாச் செய்திகளையும் மேலிருந்து கீழ் வரை படித்தாள். பிறகு அதை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். இந்த ஸ்டேஷனுக்குத்தான் வந்தாள் என்பது மறுநாள் நீங்கள் வந்தபோது தெரிந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நிறுவனம் எப்படி நடக்கிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி வராது என்பது திங்கட்கிழமையிலிருந்தே எனக்குத் தெரியும். அவரைக் கீழே போகச் சொன்னபோது தெருவில் யாரும் நிற்கவில்லை என்பதும் தெரியும். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியும். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அந்தப் பெண்ணை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது. எவ்வளவு கனிவாகப் பேசுகிறவள். இதில் அவள்மேல் ஒரு குற்றமும் கிடையாது, சொன்னதைத்தான் செய்தாள். அவளை இதில் இழுக்காமல் இருக்க முடியுமா என்று பாருங்கள்.